சுட்டவர் சிலர், அரித்தவர் பலர்

'மெக்கன்னாஸ் கோல்டு' படத்தைத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பார்த்த தலைமுறைக்கு அதன் உச்சக்கட்டம் மறந்திருக்காது. விடிகிற நேரத்தில் பாறைத்தூண் ஒன்றின் நிழல் மெல்ல மெல்ல நீண்டு ஒரு மலையிடுக்கைத் தொட்டுக் காட்டும். உள்ளே போனால் பாறைச்சுவர் முழுக்கத் தங்கம். 1969-இல் வந்த அந்தப் படத்தை அமெரிக்காவைவிட இந்தியாதான் அதிகம் கொண்டாடியது. அதே காலத்தையொட்டி ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறினார். 2010-இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' அந்தத் தொப்பியைக் கிண்டலுக்காக மீண்டும் எடுத்து மாட்டியது. இப்படிப் பார்த்துப் பழகியதில், தங்கம் கிடைத்த ஊர் என்றாலே நமக்கும் ஒரு சித்திரம் மனத்தில் நின்றுவிட்டது: புழுதித் தெரு, ஆடுகிற மதுக்கடைக் கதவு, இடுப்பில் துப்பாக்கி, எதிரெதிரே இரண்டு பேர். தங்கம் எப்படி மண்ணிலிருந்து வெளியே வந்தது என்பது அந்தச் சித்திரத்தில் இருக்காது. இடம் தெரிந்தால் போதும், அள்ளிக்கொள்ளலாம். அள்ளியதைக் காப்பாற்றத்தான் துப்பாக்கி.

இந்தப் படங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அவை வன்முறையை ஊதிப் பெருக்கிவிட்டன என்பது. உண்மையான தங்க ஊர்களில் அவ்வளவு துப்பாக்கிச் சூடு ஏது, எல்லாம் ஹாலிவுட் கற்பனை என்று முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் தங்க வயல்களில் வன்முறைக்குப் பஞ்சமே இருக்கவில்லை; திரையில் கண்டதைவிடப் பெரிதாகவே இருந்தது. கௌபாய் படங்கள் அதை இடம் மாற்றி வைத்தன என்பதே என் வாதம். ஆற்றங்கரையிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்ததை எடுத்து, நடுத்தெருவில் நிற்கும் இரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டன. யார் யாரை எதற்காக அடித்தார்கள், அடித்ததில் யாருக்கு லாபம் என்ற கணக்கு அந்த இடமாற்றத்தில் தொலைந்துபோனது.

கணக்கைத் தங்கத்திலிருந்தே தொடங்கலாம். 1848 ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் கொலோமாவில், அமெரிக்கன் ஆற்றங்கரையில், ஜான் சட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், வாய்க்காலில் மினுங்கிய சில துகள்களைப் பொறுக்கினார். மலையில் கிடந்த தங்கத்தை மழையும் ஆறும் பல லட்சம் ஆண்டுகளாகக் கரைத்துக் கொண்டுவந்து மணலோடு கலந்து போட்டிருந்தன. அதைப் பிரித்தெடுக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. நம் வீடுகளில் அரிசியில் கல் அரிப்பார்களே, அதே வித்தைதான். பாத்திரத்தில் தண்ணீர் விட்டுச் சுழற்றி ஆட்டினால் லேசானது தண்ணீரோடு போகும், கனமானது அடியில் தங்கும். வீட்டில் போவது அரிசி, தங்குவது கல். ஆற்றில் போவது மணல், தங்குவது தங்கம். தண்ணீரைப்போல் மணல் இரண்டரை மடங்கு கனம் என்றால், தங்கம் 19 மடங்கு. வித்தை எளிது, வேலை கொடியது. பனி உருகி ஓடிவரும் ஆற்றில் கால் விறைக்க, முதுகு ஒடியக் குந்தியிருந்து அரித்தாலும் ஒரு நாளைக்கு ஐம்பது தட்டு தேறுவது பெரும்பாடு. அதனால் நாலைந்து பேர் சேர்ந்து தொட்டில்போல் ஆட்டுகிற மரப்பெட்டி செய்துகொண்டார்கள். ஒருவர் மண் வெட்டினார், ஒருவர் சுமந்தார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் ஆட்டினார். அடுத்து நீண்ட மரவாய்க்கால் வந்தது. நழுவி ஓடும் நுண்துகளைப் பிடித்துவைக்கப் பாதரசம் வந்தது. மரவாய்க்காலுக்கு வெகுதொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவர முதல் போட்ட கம்பெனிகள் வந்தன. தனியாளாகக் குதிரையில் வந்து பணக்காரனாகத் திரும்பிப் போகும் கதை முதல் ஓரிரு ஆண்டுகளோடு சரி. பிறகு அது கூட்டு வேலை, அதன் பிறகு கம்பெனி வேலை, கடைசியில் கூலி வேலை.

இந்த வேலையை முதலில் செய்தவர்கள் யார் என்பதிலேயே திரையும் வரலாறும் பிரிந்துவிடுகின்றன. 1848 கோடையில் தங்க வயல்களைச் சுற்றிப் பார்த்த ராணுவ ஆளுநர் கர்னல் ரிச்சர்ட் மேசன், அங்கே 4,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்வதாகவும், அவர்களில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள் என்றும் வாஷிங்டனுக்கு எழுதினார். அம்பும் ஈட்டியுமாகக் குன்றின்மேல் திடீரென்று தோன்றுகிறவர்களாகத் திரை காட்டிய அதே மக்கள்தான் ஆற்றில் இறங்கித் தங்கம் அரித்த முதல் கூட்டத்தில் பெரும்பகுதி. அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் போல்க் செய்தியை நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியதும் உலகம் திரண்டு வந்தது. மெக்சிகோவின் சொனோராவிலிருந்தும் சிலியிலிருந்தும் சுரங்கத் தொழில் தெரிந்தவர்கள் வந்தார்கள். தென்சீனத்திலிருந்து வந்தவர்கள் அந்த நாட்டைப் பொன்மலை என்று அழைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சீன மொழியில் இன்றும் 'பழைய பொன்மலை' என்றே பெயர். 1855-க்குள் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பெரும்பாலோர் வந்த செலவுக்கும் திண்டாடினார்கள். பணம் சேர்த்தவர்களில் முதல்வர் சாம் பிரானன் என்ற கடைக்காரர். அவர் தட்டு, மண்வெட்டி எல்லாவற்றையும் வாங்கிக் கடையில் குவித்துவிட்டு, அதன் பிறகு ஒரு குப்பித் தங்கத்தூளைத் தூக்கிக் காட்டியபடி சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் செய்தியைக் கூவினார். சாக்ரமென்டோவில் தங்கம் அரிப்போருக்கு மளிகைச் சரக்கு விற்ற லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ரயில் பாதை முதலாளியாகி, மாநில ஆளுநராகி, கடைசியில் இன்று உலகமே அறிந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தார்.

இவ்வளவையும் கேமரா ஏன் விட்டது? குனிந்த முதுகைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள் என்பது எளிய பதில். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவனைவிட வெட்டவெளியில் பாய்கிற குதிரை திரைக்கு அழகுதான். போதாக்குறைக்கு, சினிமா பிறக்கும் முன்பே அச்சு வார்க்கப்பட்டிருந்தது. மலிவு விலை நாவல்களும், 1883-இல் பஃபலோ பில் தொடங்கி ஊர் ஊராக நடத்திய 'வைல்டு வெஸ்ட்' குதிரைக் காட்சியும், மேற்கு என்றால் சவாரியும் சூடும் என்று முடிவுகட்டியிருந்தன. அந்த அச்சு எத்தனை வலுவானது என்பதற்கு ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) நல்ல சாட்சி. அதன் தலைப்பு, தங்கம் தோண்ட வந்த ஒருவரின் மகளைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டிலிருந்து எடுத்தது. கதை நடக்கும் டூம்ஸ்டோன் அசலில் வெள்ளிச் சுரங்க ஊர். படத்தின் நாயகனான வயட் எர்ப்பும் சகோதரர்களும் 1879 கடைசியில் அங்கே போனது சுரங்க ஊரின் வளர்ச்சியில் தாங்களும் நாலு காசு பார்க்கத்தான். சுரங்க உரிமைகளைத் தங்கள் பெயரில் பதிவும் செய்தார்கள். படத்திலோ அவர்கள் மாடு ஓட்டி வருகிறார்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய அந்த ஊரை ஃபோர்டு மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் வைத்தார். 1881 அக்டோபர் 26-இன் புகழ்பெற்ற ஓ.கே. கொரால் சண்டையில் வில்லன்களின் தந்தை கிளான்டன் சாவதாகக் காட்டினார். உண்மையில் அந்தக் கிழவர் இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்திருந்தார். எர்ப்பின் பக்கம் நின்ற காசநோய்க்கார டாக் ஹாலிடே படத்தில் அந்தச் சண்டையிலேயே சாகிறார். அசலில் அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்து நோயில்தான் போனார். இவை வெறும் கவனக்குறைவுகள் என்று விட்டுவிடலாம். ஆனால் சுரங்கம் தேடி வந்தவரை மாட்டுக்காரராக்கியது கவனக்குறைவு ஆகாது. தங்கமும் வெள்ளியும் பணம் பண்ணும் வியாபாரம் என்பதைக் கதாநாயகனிடமிருந்து துடைத்துவிட்டால்தான் அவர் கையில் இருக்கும் துப்பாக்கி நீதியின் துப்பாக்கியாகத் தெரியும்.

சட்டம் இல்லாத ஊர்கள் என்ற சித்திரமும் அப்படித்தான். தங்க வயல்களில் சட்டம் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருந்தது. நிலம் பெயரளவில் மத்திய அரசுடையது. அதிகாரிகளோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. எனவே ஒவ்வொரு முகாமிலும் ஆட்கள் கூட்டம் போட்டு விதி எழுதிக்கொண்டார்கள். ஒருவருக்கு இத்தனை அடி பாத்தி, அதைத் தொடர்ந்து வேலை செய்யாமல் போட்டால் உரிமை போய்விடும், தகராறு வந்தால் நடுவர் இன்னார் என்று தீர்மானங்கள் நிறைவேறின. ஆற்றுத் தண்ணீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற முகாம் வழக்கத்தை 1855-இல் மாநில உச்ச நீதிமன்றமே ஏற்றது. பாத்தி வழக்கங்கள் 1872-இன் சுரங்கச் சட்டமாகி இன்றுவரை அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கின்றன. ஊர்க்கூட்டம் போட்டு வழக்குத் தீர்த்த இந்த மனிதர்களைப் பார்த்தால் கௌபாய் படம் முழுப் பொய் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூட்டங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். 1850-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் அயல்நாட்டுத் தங்க வேட்டைக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி போட்டது. மெக்சிகோக்காரர்களும் சிலிக்காரர்களும் ஆயிரக்கணக்கில் வயலைவிட்டு வெளியேறினார்கள். மறு ஆண்டு அதை நீக்கிவிட்டு, 1852-இல் சீனர்களைக் குறிவைத்து மாதம் 3 டாலர் என்று புதுப்பித்தார்கள். அடுத்த ஆண்டு அது 4 டாலர் ஆனது. ஏற்கெனவே வெள்ளையர் சலித்துவிட்டுப் போன மண்ணை இரண்டாம் முறை அரித்துப் பிழைத்தவர்கள்மேல் விழுந்த வரி அது. வசூலிப்பவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அந்தத் துப்பாக்கியைத் திரை அதிகம் காட்டியதில்லை.

திரைக்கு என்றே நடந்ததுபோல் ஒரு சம்பவம் உண்டு. 1853 ஆகஸ்டில், நெவாடா கவுன்டியின் பேர் ஆற்றங்கரையில் ஜார்ஜ் ஹால் என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு சீனத் தொழிலாளியை அடித்துப் பறிக்கப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுக் கூடாரத்திலிருந்து வெளியே வந்த லிங் சிங் என்ற இன்னொரு சீனர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் பிடிபட்டார். விசாரணை நடந்தது, கண்ணால் கண்ட சீனர்கள் சாட்சி சொன்னார்கள், ஹாலுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. கௌபாய் படமானால் இங்கே ஒரு கும்பல் சிறையை உடைக்கும், அல்லது ஒரு ஷெரிஃப் தனியாக நின்று தடுப்பார். நடந்ததோ மேல்முறையீடு. கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று மாநிலச் சட்டத்தில் இருந்தது. சீனரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1854-இல் தலைமை நீதிபதி ஹியூ மரே அந்த ஓட்டையை அடைத்தார். கொலம்பஸ் தான் வந்து சேர்ந்தது சீனக் கடல் தீவுகளுக்கு என்று எண்ணித்தான் அங்கிருந்த மக்களை இந்தியர் என்றார், ஆகவே சட்டத்தில் இருக்கும் அந்தச் சொல்லுக்குள் சீனரும் அடக்கம் என்று தர்க்கம் செய்தார். கொலம்பஸ் வழி தவறிய கதை ஒரு கொலையாளியின் கழுத்தைக் காப்பாற்றியது. அன்று முதல் ஒரு சீனரை வெள்ளையர் கொன்றால், பார்த்தவர்கள் சீனர்கள் மட்டுமே என்றால், சட்டப்படி யாருமே பார்க்கவில்லை. தங்க வயலின் வன்முறை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் நான் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். துப்பாக்கி ஒருவரைக் கொன்றது. தீர்ப்பு மற்ற எல்லாரையும் சுடத்தக்கவர்களாக ஆக்கியது.

பூர்வகுடிகளுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. 1850-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர். வேலையில்லாமல் திரிவதாகச் சொல்லி ஒரு பூர்வகுடியைப் பிடித்து அவருடைய உழைப்பை ஏலம் விடவும், அவர்கள் குழந்தைகளை வெள்ளையர் வீட்டில் வளர்ப்பு என்ற பெயரில் வேலைக்கு வைத்துக்கொள்ளவும் அது வழி செய்தது. மறு ஆண்டு, மாநிலத்தின் முதல் ஆளுநரான பீட்டர் பர்னெட் தன் சட்டமன்ற உரையில், அந்த இனம் அழியும்வரை போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என்று சொன்னார். மாநில அரசு தன்னார்வப் படைகளுக்குச் சம்பளமும் குண்டும் கொடுத்து மலைக்கிராமங்களுக்கு அனுப்பியது. 10 லட்சம் டாலருக்கும் மேல் அதற்குச் செலவானது, அதில் பெரும் பங்கை மத்திய அரசு ஈடுகட்டியது. 1840-களின் நடுவில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் 1870 வாக்கில் 30,000 பேராகக் குறைந்தார்கள். நோயும் பட்டினியும் கடத்தலும் கொலையும் சேர்ந்து செய்த வேலை. சேறும் பாதரசமும் கலந்த ஆறுகளில் அவர்கள் உண்டு வாழ்ந்த மீன் வரத்தும் அற்றது. 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது நடந்ததை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டார். திரையில் இதே மக்கள் தாக்குகிறவர்கள், வண்டிகளை வட்டமாக நிறுத்திக் காத்துக்கொள்பவர்கள் வந்தேறிகள். தாக்கியவரும் தற்காத்தவரும் இடம் மாறி நின்றார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். முகாம்களில் துப்பாக்கிச் சண்டை நடக்கவே இல்லையா? நடந்தது. போடி, அரோரா என்ற இரண்டு சுரங்க ஊர்களின் பதிவுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரோஜர் மெக்ராத், அங்கே கொலை விகிதம் மிக உயரமாக இருந்ததைக் காட்டினார். ஆனால் செத்தவர்களும் கொன்றவர்களும் பெரும்பாலும் மதுக்கடைகளில் வீம்புக்கு மோதிக்கொண்ட இளைஞர்கள். கொள்ளை, வீடு புகுந்து திருட்டு, பெண்கள்மீது தாக்குதல் ஆகியவை அதே ஊர்களில் குறைவாக இருந்தன. அதாவது, இருந்த துப்பாக்கிச் சண்டைக்கும் நீதிக்கும் சம்பந்தம் இல்லை, ஊரைக் காப்பாற்ற யாரும் சுடவில்லை. டூம்ஸ்டோனில் ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று விதி இருந்தது, அதை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கப் போனதாகச் சொல்லித்தான் எர்ப் சகோதரர்கள் அந்த அக்டோபர் நாளில் நடந்தார்கள். கனடாவின் கிளான்டைக் இன்னும் தெளிவான உதாரணம். 1896-இல் அங்கே தங்கம் கிடைத்ததும் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். 30,000 முதல் 40,000 பேர்தான் டாசன் ஊரை எட்டினார்கள். அதற்குள் நல்ல ஓடைகள் எல்லாம் பதிவாகியிருந்தன. சில்கூட் கணவாயில் கனடாவின் குதிரைப் போலீஸ் நின்றுகொண்டு, ஓராண்டுக்குப் போதுமான, ஏறத்தாழ ஒரு டன் சரக்கு இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. டாசனில் கைத்துப்பாக்கிக்குத் தடை, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யத் தடை, மீறினால் போலீஸ் விறகை வெட்ட வேண்டும். இதே டாசனை ஆன்டனி மானின் 'தி ஃபார் கன்ட்ரி' (1954) கேட்பாரற்ற ஊராகக் காட்டி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் துப்பாக்கியை அங்கே சட்டமாக்கியது. போலீஸ் இருந்த ஊரிலிருந்தே போலீஸை அகற்றினால்தான் கதாநாயகனுக்கு வேலை இருக்கும்.

சினிமா பொழுதுபோக்கு, அதில் வரலாறு தேடுவது தவறு என்பது அடுத்த ஆட்சேபம். நியாயம்தான், பாடப்புத்தகத்தைத் திரையிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பொழுதுபோக்குக்காகச் செய்த மாற்றம் என்றால் அது இப்படியும் அப்படியும் சிதறியிருக்க வேண்டும். இங்கே மாற்றங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. வியாபாரி மறைகிறார், தொழிலாளி மறைகிறார், வரிவசூல்காரர் மறைகிறார், நீதிபதி மறைகிறார். எஞ்சுவது சமபலமுள்ள இரண்டு பேர். நேருக்கு நேர் நின்று சுடும் சண்டையின் கவர்ச்சியே அந்தச் சமநிலைதான். இருவரிடமும் துப்பாக்கி, இருவருக்கும் ஒரே வாய்ப்பு, வேகமானவர் வெல்கிறார். தங்க வயலில் நடந்த மோதல்களில் அந்தச் சமநிலை இருக்கவே இல்லை. வரி கட்ட முடியாத சீனருக்கும் வசூல்காரருக்கும் இடையே என்ன சமநிலை? கூலிப்படைக்கும் தூங்கிக்கொண்டிருந்த மலைக்கிராமத்துக்கும் இடையே என்ன சமநிலை? அநியாயமான சண்டைகளை நியாயமான சண்டையாக வேடம் மாற்றித் தந்ததால்தான் உலகம் முழுவதும் குற்ற உணர்ச்சியே இல்லாமல் ரசிக்க முடிந்தது.

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: உண்மையைத் தொட்ட படங்களும் உண்டே. உண்டு. சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' (1925) சிரிப்புப் படம், ஆனால் அதன் தொடக்கத்தில் பனிச்சரிவில் எறும்புச் சாரியாக ஏறும் மனித வரிசை, சில்கூட் கணவாயின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. பசியில் பூட்ஸை வேகவைத்துத் தின்னும் காட்சி, 1846-47 குளிர்காலத்தில் சியரா நெவாடாவில் சிக்கிய டானர் பயணக் குழுவின் துயரத்தைப் படித்ததில் பிறந்தது. ஜான் ஹூஸ்டனின் 'தி டிரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே' (1948), மெக்சிகோ மலையில் மூன்று பேர் தோண்டுவதையும் சுமப்பதையும் அலசுவதையும் பொறுமையாகக் காட்டுகிறது. தங்கத்தின் விலை அதைத் தேடித் தோற்றவர்கள் எல்லாருடைய உழைப்பும் சேர்ந்தது என்று அதில் வரும் கிழவர் விளக்குகிறார். ஆல்ட்மேனின் 'மெக்கேப் அண்டு மிசஸ் மில்லர்' (1971) படத்தில் சுரங்கக் கம்பெனி முதலில் விலை பேசுகிறது, ஒப்பாதவனைக் கொல்லப் பிறகு ஆள் அனுப்புகிறது. இவை எல்லாம் வேலையையும் கம்பெனியையும் காட்டும்போது உண்மைக்கு நெருங்குகின்றன. ஆனால் கதை முடிய வேண்டிய இடத்தில் பழைய அச்சு இழுத்துக்கொள்கிறது.

அந்த இழுப்பைத் துல்லியமாகக் காட்டுவது கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'பேல் ரைடர்' (1985). இரும்புக் குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரால் மலையையே அறுத்துக் கரைக்கும் நீர்ப்பீரங்கியை அதில் பார்க்கலாம். 1853 முதல் கலிஃபோர்னியாவில் நடந்த முறை அது. மலாக்கோஃப் என்ற இடத்தில் அது குடைந்த மொட்டைப் பள்ளத்தாக்கு இன்றும் கிடக்கிறது. கரைந்த மலை ஆற்றில் இறங்கியது. ஆற்றுப்படுகை மேடேறியது. 1875-இல் மேரிஸ்வில் ஊர் சேற்று வெள்ளத்தில் மூழ்கியது. கீழே கோதுமை வயல்கள் சரளைக்கல்லின் அடியில் போயின. படத்தில் இந்தக் கம்பெனிக்கு முடிவுகட்ட ஒரு மர்மப் பாதிரியார் குதிரையில் வந்து, கூலிக்குச் சுடும் மார்ஷலையும் அவன் ஆட்கள் ஆறு பேரையும் தீர்த்துவிட்டுப் போகிறார். நிஜத்தில் அந்த நீர்ப்பீரங்கியை நிறுத்தியவர்கள் விவசாயிகளும் வக்கீல்களும். மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப், நார்த் ப்ளூம்ஃபீல்டு கம்பெனிமேல் வழக்குப் போட்டார். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்சோ சாயர், கழிவுமண்ணை ஆற்றில் கொட்டத் தடை விதித்தார். சாயரும் 1850-இல் தங்க வேட்டைக் கூட்டத்தோடு கண்டத்தைக் கடந்து வந்தவர்தான். ஆண்டுக்கணக்கில் மனு, அளவை, சாட்சி என்று ஊர்ந்த அந்த வழக்கைப் படமாக்குவது கடினம். ஆனால் மலையைக் காப்பாற்றியது அதுதான்.

கடைசியில் தங்கம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், அதற்கு நேர்மையான பதில் தந்த படம் கௌபாய் படமே அல்ல. 1868 உடன்படிக்கையில் கறுப்புக் குன்றுகளைச் சூ என்ற பூர்வகுடி மக்களுக்கே உரியதென்று எழுதிக்கொடுத்த அமெரிக்க அரசு, 1874-இல் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அங்கே தங்கம் கண்டதும் சொல் மாறியது. டெட்வுட் ஊர் முளைத்தது. 1876-இல் அங்கே சீட்டாட்ட மேசையில் துப்பாக்கிக்குப் பேர்போன வைல்டு பில் ஹிக்காக் பின்னந்தலையில் சுடப்பட்டு இறந்தது எத்தனையோ படங்களுக்குக் கதை கொடுத்தது. மறு ஆண்டு ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்ற முதலாளி கூட்டாளிகளோடு வந்து பக்கத்திலிருந்த ஹோம்ஸ்டேக் சுரங்கத்தைச் சத்தமில்லாமல் வாங்கினார். அது 2002 வரை ஓடியது. அந்தக் குடும்பப் பணத்தில் வளர்ந்த மகன் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் பத்திரிகைச் சக்கரவர்த்தியானார். அவரை மனத்தில் வைத்து ஆர்சன் வெல்ஸ் எடுத்தது 'சிட்டிசன் கேன்' (1941). அதில் அவ்வளவு செல்வத்துக்கும் மூலம், வாடகை பாக்கிக்காக ஒருவர் விட்டுப்போன சுரங்கப் பத்திரம். ஒரு காகிதம். துப்பாக்கி எங்கும் இல்லை. சூ மக்களிடம் குன்றுகள் பறிக்கப்பட்டது தவறு என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உறுதிசெய்தது. பணம் வேண்டாம், நிலம் வேண்டும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். வட்டியோடு 100 கோடி டாலரைத் தாண்டிய அந்தத் தொகை இன்னும் தொடப்படாமல் கிடக்கிறது.

திரை செய்த இந்த இடமாற்றம் நமக்கும் அந்நியம் இல்லை. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கியபோது பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் பெரும்பகுதி தலித்துகள். 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே நடந்ததெல்லாம் கூலி, ஷிஃப்ட், பாறை வெடிப்பு, நுரையீரல் நோய், சங்கப் போராட்டம். 2018-இல் அந்தப் பெயரைத் தாங்கி வந்த படம் எடுத்துக்கொண்டதோ தனியாள், பழி, துப்பாக்கி. ஹாலிவுட்டின் பழைய அச்சு நம் ஊர்த் தங்கத்துக்கும் பொருந்திவிட்டது.

அந்த அச்சின் கணக்கை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்த்துவிடலாம். வயட் எர்ப் 1848-இல், கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த அதே ஆண்டில் பிறந்தார். டூம்ஸ்டோனுக்குப் பிறகு ஐடஹோவின் தங்க ஊருக்குப் போய் மதுக்கடை வைத்தார். அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் கிடைத்தபோது அங்கேயும் போய் 'டெக்ஸ்டர்' என்ற மதுக்கடை நடத்திக் காசு பார்த்தார். தோண்டுகிறவனைவிடத் தோண்டுகிறவனுக்கு விற்கிறவன் பிழைப்பான் என்ற பிரானனின் பாடம் அவருக்கும் தெரிந்திருந்தது. முதுமையில் பாலைவனத்தில் சொந்தச் சுரங்க உரிமைகளைக் கிளறிக்கொண்டும், லாஸ் ஏஞ்சலிஸ் படப்பிடிப்புத் தளங்களைச் சுற்றிக்கொண்டும், தன் கதையைப் படமாக்க ஆள் தேடிக்கொண்டும் இருந்தார். 1929 ஜனவரியில் 80 வயதில் அவர் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் கௌபாய் நட்சத்திரங்களான வில்லியம் எஸ். ஹார்ட்டும் டாம் மிக்ஸும் இருந்தார்கள். அதன் பிறகு அவர் கதை திரும்பத் திரும்பப் படமானது. டூம்ஸ்டோனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய காலி மனையில் நடந்த அந்தச் சண்டை சுமார் 30 விநாடி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பின்னால் அவர் அலைந்தது ஐம்பது ஆண்டு. திரை அந்த 30 விநாடியை எடுத்துக்கொண்டது.